நாலில் ஒன்று

அழுகத் தொடங்கிய வாழைப்பழமும் வெல்லமும் சேர்ந்து புளித்தால் ஒரு வாசனை வரும். இனிப்பாகவும் இருக்கும், குமட்டவும் செய்யும். நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் பள்ளியின் அறிவியல் கூடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அது மூக்கில் ஏறும். இன்றும் ஏதாவது கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் அந்த வாசனை வீசினால் நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

அது வந்தது, வாயில் பஞ்சு அடைத்த காலி ஊறுகாய் பாட்டில்களிலிருந்து. அந்த வருடம்தான் திருவண்ணாமலைக்கு மாற்றலாகி வந்த எங்கள் அறிவியல் ஆசிரியை, தான் படித்த சென்னைக் கல்லூரியிலிருந்து பழ ஈக்களை வாங்கிவந்து அவற்றில் வளர்த்தார். நாங்கள் அவருக்கு "கொசு மிஸ்" என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு பாட்டிலில் சிவப்புக் கண் ஈக்கள், இன்னொன்றில் வெள்ளைக் கண் ஈக்கள், எள்ளைவிடச் சிறியவை. "மனுஷங்கள்ல பேரன பாக்கணும்னா ஒரு ஆயுசு காத்திருக்கணும், இதுங்கள்ல ரெண்டே மாசத்துல கொள்ளுப்பேரனையே பாத்துடலாம்" என்பார். சிவப்புக் கண் தாய்க்கும் வெள்ளைக் கண் தகப்பனுக்கும் பிறந்த குஞ்சு ஈக்கள் அத்தனையும் சிவப்புக் கண்ணோடு இருந்ததை லென்ஸ் வழியாக வரிசையில் நின்று பார்த்தோம். வெள்ளை தொலைந்தது என்று நாங்கள் நினைத்தோம். அடுத்த தலைமுறையில் அது திரும்பி வந்தது.

"இத்தினி நாள் எங்கடி இருந்துச்சு?" என்று மிஸ் கேட்டார். அவரே பதிலும் சொன்னார்: "அதுங்களுக்குள்ளயே ஒளிஞ்சிருந்துச்சு."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் எதுவோ ஒளிந்திருந்தது.

நாங்கள் வேங்கிக்காலில் குடியிருந்தோம். இப்போது மாடி வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் அந்தப் பக்கத்தில் அப்போது பாதிக்குப் பாதி காலி மனைகளும் முள்வேலிகளும்தான். அப்பா தேரடிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய லாட்ஜில் மேனேஜர். பௌர்ணமி வந்தால் வீட்டுக்கு வரமாட்டார். அம்மா அப்பாவை "மாமா" என்றுதான் கூப்பிடுவாள், ஏனென்றால் அவர் அவளுக்குச் சொந்தத் தாய்மாமன். அம்மாவைப் பெற்றவளின் கடைசித் தம்பி அவர். எங்கள் சொந்தத்தில் அது புதிதில்லை. பெண்ணை வெளியே கொடுப்பதுதான் அதிசயம். எங்களுக்கு மூத்தவனான அண்ணன், நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது மஞ்சள்காமாலை வந்து இறந்துபோனான். எத்தனையோ பேர் சொன்ன பச்சிலை மருந்தெல்லாம் கொடுத்தும் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, கடைசியில் யாரையும் அடையாளம் தெரியாமல் போனான். அதன்பிறகு வீட்டில் அவனைப் பற்றி யாரும் பேசவில்லை. அவன் சட்டைகள் எங்கே போயின என்றுகூட எனக்குத் தெரியாது.

மிச்சம் இருந்தது நானும் அமுதா அக்காவும். அக்கா பிளஸ் டூ படித்தாள். கையெழுத்துக்கு அவள் பள்ளியில் பெயர் பெற்றவள். அந்த வருட ஆடி மாதம் வாக்கில் அந்த எழுத்து கோணத் தொடங்கியது. பிறகு காபி டம்ளரைத் தூக்கினால் தளும்பியது. "கவனம் எங்கடி இருக்கு?" என்று அம்மா அதட்டினாள். பிறகு பேச்சு "கொழகொழ"வென்று ஆனது, வாயோரம் எச்சில் வழிந்தது, காரணமே இல்லாமல் சிரித்துவிட்டு அடுத்த நிமிடம் தேம்பி அழுதாள். தலை பின்னிக்கொள்ள முடியாமல் ஒருநாள் காலையில் சீப்பைச் சுவரில் விட்டெறிந்தாள். நான் அதை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தேன். "என் கை என் பேச்ச கேக்க மாட்டேங்குதுடி உமா" என்றாள், கண்ணாடியைப் பார்க்காமல். அவள் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னைவிடப் பெரியவர்கள் பயப்படுவார்கள் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

ஊரில் பார்த்த டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்பாவின் இன்னொரு அக்கா, எங்கள் அத்தை, சேத்துப்பட்டுப் பக்கமிருந்து வந்து தங்கி, "காத்து கருப்பு அண்டியிருக்கு, வயசுப் பொண்ணு, சும்மா விடாதீங்க" என்று அம்மாவின் காதில் ஓதிக்கொண்டே இருந்தாள். அக்காவை எங்கெங்கோ கூட்டிப் போய் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஒரு இடத்தில் வேப்பிலையால் அடித்ததில் அவள் கன்னம் சிவந்திருந்தது. திரும்பி வந்து, அவள் படிப்பை நிறுத்தி, தை பிறந்ததும் அத்தை மகனுக்கே கட்டி வைத்துவிடலாம், கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேச ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் வகுப்பில் பட்டாணிப் பாடம் வந்தது. புத்தகத்தில் இருந்த மாதிரியே நெட்டைச் செடியும் குட்டைச் செடியும் வளர்த்துக் காட்டுகிறேன் என்று மிஸ் பள்ளிக்குப் பின்னால் விதைத்தவை எல்லாம் எங்கள் ஊர் வெயிலில் ஒரு சாண் வளர்ந்ததும் கருகிவிட்டன. அதனால் அவர் இரண்டு மஞ்சப்பையும் ஒரு படி புளியங்கொட்டையும் கொண்டுவந்தார். பாதிக் கொட்டைகள் தோலோடு கறுப்பு. மீதி வறுத்துத் தோல் நீக்கிய வெள்ளை. இரண்டு பையிலும் சமமாகக் கலந்து, ஒரு பை அப்பா, ஒரு பை அம்மா என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு கொட்டை இதிலும் அதிலும் எடுக்க வேண்டும். ஒன்றாவது கறுப்பாக இருந்தால் செடி நெட்டை. வெளியே கறுப்புதான் தெரியும், அது ஓங்கு பண்பு. இரண்டுமே வெள்ளையாக வந்தால்தான் குட்டை; அது ஒடுங்கு பண்பு. வெள்ளையை வைத்துக்கொண்டே நெட்டையாக நிற்கிற அப்பனும் அம்மாவும் தங்களிடம் அது இருப்பதை அறியவே மாட்டார்கள். நாலில் ஒரு பிள்ளைக்கு வெளிப்படும்.

"மனுஷங்களுக்கும் சில நோய் இப்படித்தான் வரும்" என்றார் மிஸ். "சொந்தத்துலயே கட்டினா ரெண்டு பையிலயும் அதே வெள்ளைக் கொட்ட இருக்கறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி."

வகுப்பில் கசமுசவென்று சிரிப்பு. பாதிப் பேர் மாமனுக்கோ அத்தை மகனுக்கோ கட்டிக்கொடுத்த அம்மாக்களின் பிள்ளைகள். எனக்கு என் வீடுதான் நினைவுக்கு வந்தது. அண்ணனுக்கு வந்தது காமாலை, அக்காவுக்கு வந்திருப்பது நடுக்கம். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் பயம் அப்படிப் பிரித்துப் பார்க்காது, வீட்டில் நடந்த கெட்டதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி மடியில் வைத்துவிடும். அந்தப் பயத்திலும் எனக்கு ஒரு கணக்கு ஆறுதலாகத் தோன்றியது. நாலில் ஒன்றுதானே? அண்ணனும் அக்காவும் எடுத்துக்கொண்டார்கள் என்றால், ஒன்றுக்கு மேலேயே ஆகிவிட்டது. எனக்கு வராது. அப்படி நினைத்ததற்காக வெட்கமாக இருந்தும், எழுந்து நின்று கேட்டேன்.

"மிஸ், நாலுல ஒண்ணுக்கு வந்துடுச்சுன்னா மத்ததெல்லாம் தப்பிச்சுடுமா?"

"எடுத்த கொட்டைய இன்னா பண்ணீங்க? திருப்பிப் பைக்குள்ள போட்டுட்டீங்க இல்ல? அப்புறம் அடுத்த ஆளு கைய வுடறப்ப மறுபடியும் மொதல்லருந்துதான். போன தடவ இன்னா வந்துச்சுன்னு அந்தப் பைக்குத் தெரியாதுடி."

அவர் அதை இயல்பாகச் சொல்லிவிட்டு அடுத்த பெண்ணிடம் பையை நீட்டினார். நான் உட்கார்ந்தேன். பெஞ்சுக்கு அடியில் என் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தேன், நடுங்கின. பயத்தால் நடுங்குகிறதா, அதுவே வந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அன்றிலிருந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிக் கையை நீட்டிப் பார்ப்பது என் வேலையாயிற்று. ஒரு சொட்டுச் சிந்தினாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. அண்ணன் படுத்திருந்த மூலையைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு நடந்தேன். அக்காவின் பக்கத்தில் படுப்பதற்குக்கூடப் பயந்தேன். பயந்தது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்றும் பயந்தேன்.

கல்யாணப் பேச்சு முற்றி, அத்தை துணியெடுக்க நாள் பார்க்கச் சொன்ன அன்று சாயங்காலம் என்னால் அடக்க முடியவில்லை. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"அக்காவுக்குப் பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அண்ணனுக்கு வந்ததுதான் அவளுக்கும் வந்திருக்கு. எனக்கும் வரும். நீங்க ரெண்டு பேரும் சொந்தத்துல கட்டினதால வந்தது" என்று கத்தினேன்.

அம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். "என் வயித்தையா குத்தம் சொல்ற? எவ சொல்லிக் குடுத்தா உனக்கு?" என்றவள், மறுபடி கையை ஓங்கி, அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். "கம்முனு இரு புள்ள, பெரியவங்க பேச்சுல உனக்கு இன்னா வேல?" என்று அத்தை என்னை இழுத்தாள்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். "அவனுக்கும் கடைசியில கை நடுங்குச்சு" என்றார். "மஞ்சக்காமாலையில சோர்ந்துட்டான்னு நெனச்சேன். சோத்த நான்தான ஊட்டிவுட்டேன்."

அண்ணனைப் பற்றி அந்த வீட்டில் அத்தனை வருடங்களுக்குப் பிறகு பேசப்பட்ட முதல் வார்த்தைகள் அவை.

தீபத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. லாட்ஜில் ஒரு அறைகூடக் காலியில்லாத அந்த நாட்களில் மேனேஜர் லீவு கேட்பது வேலையை விடுவதற்குச் சமம். முதலாளி திட்டியதைக் காதில் வாங்காமல், அப்பா எங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறினார். அத்தை வீட்டில் இருந்துகொண்டாள். திரும்பி வரும்வரை துணியெடுக்கும் பேச்சு வேண்டாம் என்று அப்பா அவளிடம் சொன்னதை மட்டும் கேட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டரம்மா அக்காவை நடக்கச் சொன்னார், பேசச் சொன்னார், ஒரு தாளில் வட்டம் வரையச் சொன்னார். வட்டம் கோணல்மாணலாக நொறுங்கியது. "வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி?" என்று கேட்டதும் அம்மா பழக்கதோஷத்தில், "இல்லைங்க" என்றாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெரிய பையன் ஒருத்தன் இருந்தான்ங்க. காமாலையில போயிட்டான்" என்றார்.

எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் கை நின்றது. அண்ணனின் வயதையும் வயிறு வீங்கியதையும் கேட்டார். நீங்கள் இருவரும் சொந்தமா என்று கேட்டார். பிறகு அக்காவை இருட்டறைக்குக் கூட்டிப்போய், மோவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, மெல்லிய ஒளிக்கீற்றால் கண்ணைப் பார்த்தார். அக்காவின் கருவிழி ஓரத்தைச் சுற்றிப் பச்சையும் பழுப்புமாக ஒரு வளையம் இருந்ததாம். சாதாரண வெளிச்சத்தில் தினமும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது தெரியவே இல்லை.

நாம் சாப்பிடும் சாப்பாட்டில் இருக்கும் செம்பை உடம்பு வெளியே தள்ளிவிடும். இவர்களால் தள்ள முடியவில்லை, அது முதலில் ஈரலிலும் பிறகு மூளையிலும் கண்ணிலும் போய்த் தங்குகிறது, பையனுக்கு ஈரலோடு முடிந்துவிட்டது, பெண்ணுக்கு மூளைக்குப் போயிருக்கிறது என்று அவர் சொன்னார். அம்மாவுக்கு ஒரு சொல்தான் காதில் விழுந்தது.

"நான் செப்புக் குடத்துலதாங்க தண்ணி வெப்பேன். ஒடம்புக்கு நல்லதுன்னு சொன்னாங்க. நானே குடுத்துட்டேனா?"

"குடத்த மாத்திடுங்க. ஆனா அதனால வரலம்மா. உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒளிஞ்சிருந்துச்சு. உங்களுக்கே தெரியாது. இது யாரோட தப்பும் இல்ல. மருந்து இருக்கு." பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ வா."

நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். பதினைந்து வயதுப் பெண், கைக்குழந்தை மாதிரி. ஈக்களின் கண்ணை லென்ஸில் பார்த்துச் சலித்தவள், இப்போது மோவாயைத் தாங்கியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஒளி கண்ணுக்குள் இறங்கியது. "வளையம் இல்ல" என்றார். அம்மா சத்தமாக மூச்சு விட்டாள். "ஆனா அத வெச்சு மட்டும் சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. ரத்தம் எடுத்தார்கள். ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைப் பிடித்து வைக்க ஒரு பெரிய கேனைக் கையில் கொடுத்தார்கள்.

முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். அம்மாவும் அப்பாவும் டிபன் வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம், அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தபடி பேசினாள். அவள் பேச்சைப் புரிந்துகொள்ள நான் பக்கத்தில் குனிய வேண்டியிருந்தது.

"உமா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. உனக்கும் இருந்தா நான் தனியா இருக்க மாட்டேன்னு தோணுச்சு."

எனக்குக் கோபம் வரவில்லை. உறைந்துபோனேன். அவளுக்கு இருப்பதால் எனக்கு வராது என்று நான் கணக்குப் போட்டேன். எனக்கும் இருந்தால் தேவலை என்று அவள் கணக்குப் போட்டாள். ஒரே பாயில் படுத்து வளர்ந்த இரண்டு பேரைப் பயம் இப்படிப் பிரித்து வைத்திருந்தது. நான் அவள் முதுகில் கை வைத்தேன். அந்த நடுக்கம் என் கைக்கும் ஏறியது.

எனக்கும் இருந்தது. டாக்டரம்மா முடிவைச் சொன்னபோது அம்மா அழவில்லை. அக்காதான் அழுதாள், வாயைப் பொத்திக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, "நான் சொன்னதால இல்ல, நான் சொன்னதால இல்ல" என்று. "யாரு சொன்னதாலயும் இல்ல, யாரு நெனச்சதாலயும் இல்ல" என்று டாக்டரம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "மூணு பேருக்கும் வர்றது ரொம்ப அபூர்வம். ஆனா உனக்கு ஈரலையோ மூளையையோ தொடறதுக்கு முன்னாடியே புடிச்சுட்டோம். மாத்திரைய மட்டும் வுடாம சாப்புடணும். ஆயுசுக்கும்."

ஆயுசுக்கும் என்ற சொல்லில் ஆயுசு இருக்கிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஊர் திரும்பியது தீபத்தன்று. கூட்டத்துக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வேங்கிக்காலை நோக்கி நாங்கள் நடந்துகொண்டிருந்தபோது மலையுச்சியில் தீபம் ஏறியது. ரோட்டில் போனவர்கள் அத்தனை பேரும் நின்று, கையைத் தூக்கி, அரோகரா என்று முழங்கினார்கள். அப்பாவும் கைகூப்பினார். எனக்கு என்ன வேண்டுவதென்றே தெரியவில்லை. அக்காவின் கை ஆடாமலிருக்க அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்கள் அக்காவுக்கு நடுக்கம் அதிகமாகி, மருந்தையே நிறுத்திவிடலாம் என்று அத்தை சண்டை போட்டாள். இப்படி ஆகலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்ததால் அப்பா மசியவில்லை. கல்யாணப் பேச்சு தானாக நின்றது. கோடை வருவதற்குள் அக்கா டம்ளரைச் சிந்தாமல் பிடித்தாள்; அடுத்த வருடம் தனித்தேர்வராகப் பரீட்சை எழுதினாள். ஆனால் பழைய கையெழுத்து வரவில்லை, பழைய குரலும் வரவில்லை. அவள் ஒவ்வொரு சொல்லையும் இடம் பார்த்து வைப்பதுபோலப் பேசுகிறாள். எனக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் என் கணவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்; அவரிடம் அது ஒளிந்திருக்கவில்லை. எங்கள் மகள் நன்றாக இருக்கிறாள், எனக்குள் இருக்கும் இரண்டு வெள்ளைக் கொட்டைகளில் ஒன்றை மறைத்துச் சுமந்துகொண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகும்போது இன்றும் காலையிலிருந்தே நாக்கு வறண்டுவிடும். அந்தப் பயம் போகவில்லை, பழகிவிட்டது.

அப்பா இப்போது இல்லை. அவர் வேலை பார்த்த லாட்ஜை இடித்துக் கார் நிறுத்தும் இடம் ஆக்கிவிட்டார்கள். வேங்கிக்காலில் முள்வேலி ஒன்றுகூட மிச்சமில்லை. கலெக்டர் ஆபீஸ் போகும் வழியெல்லாம் கடைகள், அதில் ஒன்று அக்காவின் ஜெராக்ஸ் கடை. போன மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது அங்கே உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் இருந்தாள். தூரத்துச் சொந்தத்தில் ஒரு அம்மாள் பத்திரிகை வைக்க வந்தார். "பொண்ண வெளிய குடுக்க மனசு வரல, என் தம்பிக்கே பேசி முடிச்சுட்டோம்" என்று சிரித்தார்.

அம்மா பத்திரிகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வழக்கம்போல ஒன்றும் சொல்லமாட்டாள் என்றே நினைத்தேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரையும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடு" என்றாள் அம்மா. "எனக்கு மூணு புள்ளைங்க. மூணு பேருக்குமே இருந்துச்சு."

"மூணா? உங்களுக்கு ரெண்டு பொண்ணுங்கதானக்கா?"

"மூணு. பெரியவன் அருணாசலம்."

அந்தப் பெயரை எழுதாத தெரு இந்த ஊரில் கிடையாது. டீக்கடையிலும் ஆட்டோவின் முதுகிலும் ஒலிபெருக்கியிலும் நாளெல்லாம் அது இருக்கும். எங்கள் வீட்டில் மட்டும்தான் அத்தனை வருடங்களாக அது இல்லாமல் இருந்தது. அந்த அம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது. எந்த டாக்டரை, எங்கே போய், என்ன கேட்க வேண்டும் என்று தயங்கிக் கேட்டார். மெஷினை நிறுத்திவிட்டு அக்கா முன்னால் வந்தாள். ஒவ்வொரு சொல்லாக, நின்று நின்று, அவள் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.